பாறைக்குள் நைதரசன்: கண்டி மலைகளின் சிலிக்கேற்றுகளை முன்வைத்து ஒரு விசாரணை

1. கேள்வி

கண்டியின் கனிம வளம் பற்றிய பேச்சு நமது ஏடுகளில் பெரும்பாலும் இரண்டு திசைகளில் ஓடுகிறது. கலஹாவின் குவார்ட்ஸ், தலாத்துஓயாவின் மைக்கா, சற்று வடக்கே மாத்தளை கைகாவலையின் பெல்ஸ்பார் ஆகியவற்றைக் கல்லாகவே கப்பலேற்றாமல் உயர்தொழில்நுட்பப் பொருட்களாக மாற்றவேண்டும் என்பது ஒரு குரல். மண்ணிலும் பாறையிலும் ஏற்கனவே போதிய ஊட்டம் உண்டு, மூடைப் பசளை இல்லாமலே தேயிலையை நடத்திவிடலாம் என்பது மற்றொரு குரல். இந்த இரண்டாவது குரல் 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அரசாங்கக் கொள்கையாகவே ஒலித்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. நாட்டின் தேயிலை உற்பத்தி 2021 இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாக இருந்து 2022 இல் ஏறத்தாழ 251 மில்லியனுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாடும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதே காலத்தில் நேர்ந்தவை என்பதால் வீழ்ச்சி முழுவதையும் பசளையின் கணக்கில் எழுதுவது முறையல்ல. ஆனாலும் பசளைக்கு அதில் பெரும் பங்குண்டு என்பதை மறுக்க இடமில்லை.

இரு குரல்களும் தம்மை அறியாமலே ஒரே பொருளைத் தொடுகின்றன: நைதரசனைத் தம்முள் கொண்ட சிலிக்கேற்றுகள். தேயிலைச் செடிக்கு நைதரசனைத் தரக்கூடிய மைக்காவும் களிமண்ணும் அந்த வகை. எல்.ஈ.டி. மின்குமிழின் செந்நிற ஒளிர்பொருளும் உலோகம் வெட்டும் செராமிக் அலகும் அதற்கு நெருங்கிய உறவு. கண்டி மலைகள் இவற்றில் எதை வைத்திருக்கின்றன, எதை வைத்திருக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நைதரசன் பளிங்கினுள் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்று பாராமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

2. நைதரசன் அமரும் இடங்கள்

சிலிக்கேற்றின் அடிப்படை அலகு ஒரு நான்முகி. நடுவில் சிலிக்கன், நான்கு மூலைகளிலும் ஒட்சிசன். நான்முகிகள் மூலைகளைப் பகிர்ந்துகொண்டு சங்கிலியாகவும் தகடாகவும் முப்பரிமாணச் சட்டகமாகவும் வளர்கின்றன. சில நான்முகிகளில் சிலிக்கனின் இடத்தை அலுமினியம் பிடித்தால் நேரேற்றத்தில் குறை விழும். அதை ஈடுசெய்யப் பொற்றாசியம் போன்ற பெரிய அயன்கள் தகடுகளுக்கு இடையிலோ சட்டகத்தின் குழிகளிலோ வந்து தங்கும். மைக்காவும் பெல்ஸ்பாரும் இப்படி அமைந்தவை.

நைதரசன் உள்ளே நுழையும் முதல் வழி இதுதான். அமோனியம் அயனும் பொற்றாசியத்தைப் போலவே ஒற்றை நேரேற்றம் கொண்டது. பருமனிலும் இரண்டும் நெருங்கியவை. ஆகவே பொற்றாசியத்தின் இருக்கையில் அமோனியம் அமரலாம். கலிபோர்னியாவின் சல்பர் பாங்க் பாதரசச் சுரங்கத்திலிருந்து 1964 இல் விவரிக்கப்பட்ட பட்டிங்டனைற்று, பொற்றாசியத்துக்குப் பதில் அமோனியம் கொண்ட பெல்ஸ்பார். யப்பானின் தொபே என்னுமிடத்திலிருந்து 1982 இல் விவரிக்கப்பட்ட தொபெலைற்று, அமோனியம் மேலோங்கிய மைக்கா. இவை அரியவை. ஆனால் சாதாரண பயொற்றைற்று மைக்காவிலேயே பொற்றாசிய இருக்கைகளில் மிகச் சிறு பங்கை அமோனியம் பிடித்திருப்பது உலகெங்கும் காணப்படுகிறது. 1959 இல் எப். ஜே. ஸ்டீவன்சன் பாறைகளில் இத்தகைய நிலைப்பட்ட அமோனியம் இருப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகே நைதரசனின் இருப்பிடம் வளிமண்டலம் மட்டுமே என்ற பாடநூல் எண்ணம் தளரத் தொடங்கியது.

இரண்டாவது வழி முற்றிலும் வேறு. இதில் நைதரசன் ஐதரசன் எதனையும் சுமக்காமல் நேராகச் சிலிக்கனுடன் பிணைந்து, ஒட்சிசனின் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. லயன் அறையில் குடியிருப்பவருக்கும் அந்த லயனின் சுவரில் பதிந்த கருங்கல்லுக்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டுக்கும் இடையே உண்டு. முன்னதை இடைத்தங்கு நைதரசன் என்றும் பின்னதைச் சட்டக நைதரசன் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

சட்டக நைதரசனின் சிறப்பு அதன் வலுவளவில் இருக்கிறது. சாதாரண அமுக்கத்தில் உருவாகும் சிலிக்கேற்றுகளில் ஓர் ஒட்சிசன் அதிகபட்சம் இரண்டு சிலிக்கன்களை இணைக்கும். நைதரசன் மூன்றை இணைக்கும். ஜேர்மனியில் வூல்ப்காங் ஷ்னிக் குழுவினர் 1990களில் உருவாக்கிய பேரியம், இற்றேபியம் கொண்ட நைத்திரிடோசிலிக்கேற்று ஒன்றில் ஒரே நைதரசன் நான்கு சிலிக்கன்களை இணைத்தது. இதனால் சட்டகம் அடர்த்தியாகப் பின்னப்படுகிறது. தூய சிலிக்காவில் ஒரு சிலிக்கனுக்கு இரண்டு ஒட்சிசன். சிலிக்கன் நைத்திரைட்டில் மூன்று சிலிக்கனுக்கு நான்கு நைதரசனே போதும். கடினமும் வெப்பத்தைத் தாங்கும் திறனும் வேதித் தாக்குதலுக்கு அசையாத தன்மையும் இந்தப் பின்னலிலிருந்து வருகின்றன.

பூமியின் மேலோட்டில் சட்டக நைதரசன் ஏன் இல்லை? ஒட்சிசன் எங்கும் நிறைந்திருப்பதே காரணம். சிலிக்கன் ஒட்சிசனைக் கண்ட இடத்தில் நைதரசனை ஏறிட்டும் பாராது. ஒட்சிசன் வறண்ட விண்கற்களில் மட்டும் நிலைமை மாறுகிறது. 1926 இல் சிந்துப் பகுதியில் விழுந்த ஜாஜ் தே கொட் லாலு விண்கல்லில் சினோயைற்று என்ற சிலிக்கன் ஒட்சிநைத்திரைட்டு 1964 இல் இனங்காணப்பட்டது. அதன் ஒவ்வொரு சிலிக்கனையும் மூன்று நைதரசனும் ஓர் ஒட்சிசனும் சூழ்ந்திருக்கின்றன. பட்டிங்டனைற்று விவரிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பது ஒரு தற்செயல்.

இவை தவிர, கோர்டியரைற்றுப் பளிங்கின் வளையக் கால்வாய்களில் நைதரசன் மூலக்கூறாகவே சிறைப்படுவதும் உண்டு. இலங்கை இரத்தினக் கடைகளில் அயலைற்று என்று விற்கப்படும் நீல நிறக் கல் இந்தக் கனிமமே. அளவில் இது சொற்பம் என்பதால் நம் கேள்வியை இது பாதிக்காது.

3. வறுபட்ட பாறைகள்

கண்டியைச் சூழ்ந்த பாறைகளை நவீன முறையில் முதலில் படித்தவர்களுள் ஆனந்த குமாரசுவாமி முக்கியமானவர். கலை வரலாற்றாசிரியராகவே நாம் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் 1900 இலேயே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி இலண்டன் புவியியல் சங்கத்தின் ஏட்டில் எழுதியவர் அவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்தார். காரீயம் பற்றிய அவரது அக்கறை நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. காரணத்தைப் பின்வருமாறு காணலாம்.

மத்திய மலைநாட்டின் பெரும்பகுதி உயர்நிலத் தொகுதி எனப்படும் உருமாறிய பாறைகளால் ஆனது. கண்டியை ஒட்டிக் கடுகண்ணாவைத் தொகுதியின் பயொற்றைற்று நைஸ் பாறைகளும் கிடக்கின்றன. உயர்நிலத் தொகுதியில் காணப்படும் கொண்டலைற்றுப் பாறைகள், கடலடியில் படிந்த சேறு ஆழத்தில் புதைந்து உருமாறியதால் உண்டானவை. அவற்றில் இழையோடும் காரீயத்தின் ஒரு பகுதியேனும் அந்தச் சேற்றிலிருந்த உயிர்ப்பொருளின் எச்சம். உயிர்ப்பொருள் இருந்தால் நைதரசனும் இருந்திருக்கும். இன்றைய கடற்சேற்றுப் பாறைகளில் மில்லியனில் சில நூறு பங்கு நைதரசன் கிடைப்பது வழக்கம். அந்தக் கணக்கில் நம் மலைகளும் நைதரசனில் செல்வந்தர்களாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இடையில் நெருப்பு நுழைந்தது. ஏறத்தாழ 61 கோடி ஆண்டுகளுக்கும் 55 கோடி ஆண்டுகளுக்கும் இடையில் இந்தப் பாறைகள் கிரனுலைற்று நிலைக்கு உருமாறின. உயர்நிலத் தொகுதியின் நடுப்பகுதியில் சில பாறைகள் 1150 பாகை செல்சியஸை எட்டியதாக சஜீவும் ஒசனாயும் 2004 இல் கணித்தனர். அமோனியத்தை அதிகம் ஏற்கும் கனிமம் பயொற்றைற்று என்பதை யப்பானிய ஆய்வுகள் 1981 இலேயே காட்டியிருந்தன. கிரனுலைற்று நிலையில் அந்தப் பயொற்றைற்றே சிதைந்து பைரொட்சீனாகவும் பெல்ஸ்பாராகவும் மாறுகிறது. அமோனியம் தன் இருக்கையை இழந்து வாயுவாக வெளியேறுகிறது. உருமாற்றத்தின் படி ஏற ஏறப் பாறையின் நைதரசன் குறைவதை ஜேர்மனியின் எர்ஸ்கெபிர்கே மலைகளிலும் கலிபோர்னியாவின் கற்றலினாத் தீவிலும் செய்த ஆய்வுகள் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் உறுதிசெய்தன.

ஆகவே கண்டியில் காபன் காரீயமாக உறைந்து தங்கிவிட்டது. அதன் துணையாக வந்த நைதரசன் பெரும்பாலும் போய்விட்டது. காரீயத்தைக் காட்டி ‘இது உயிர்ப்பொருள் செறிந்த பாறை, ஆகவே ஊட்டம் செறிந்தது’ என்று வாதிடுபவர்கள் இந்த இரண்டாம் பாதியைப் பார்ப்பதில்லை. தலாத்துஓயாவின் புளோகோப்பைற்று மைக்கா புளோரினின் உதவியால் உயர்வெப்பத்திலும் பிழைத்து நிற்கிறது. ஆனால் அந்த மைக்கா பளிங்குச் சுண்ணக்கல்லோடு ஒட்டி வளர்ந்தது. அங்கே பிடித்துவைக்க அமோனியம் அதிகம் இருந்திருக்க முடியாது.

இதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்றுண்டு. ஹூல்ற்றன், மோர்போர்ட், டால்கிரென் ஆகியோர் 2018 இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, இயற்கைத் தாவரச் சூழலுக்கு வந்துசேரும் நைதரசனில் கால்பங்கு வரை பாறைச் சிதைவிலிருந்து வரக்கூடும் என்று கணித்தது. அதற்கு முன்பே அதே குழுவினர் நைதரசன் மிகுந்த பாறைமேல் நிற்கும் வடகலிபோர்னியக் காடுகள் கூடுதல் காபனைச் சேமிப்பதைக் காட்டியிருந்தனர். மலையும் மழையும் வெப்பமும் ஒருங்கே உள்ள கண்டியில் சிதைவு வேகமாக இருக்கும், பாறையில் நைதரசன் குறைவென்றாலும் வேகம் அதை ஈடுகட்டும் என்று சொல்லலாம் அல்லவா?

சொல்ல முடியாது. மேல் மகாவலிப் படுகையில் ஹேவவசம், வொன் பிளாங்கன்பேர்க் முதலியோர் பெரிலியம்-10 அணுக்களை அளந்து 2003 இலும் 2004 இலும் வெளியிட்ட முடிவுகள் பலரையும் வியக்கவைத்தன. செங்குத்தான சரிவும் பெருமழையும் இருந்தும் இம்மலைகளின் இயற்கைத் தேய்வு ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன்கள் மட்டுமே. இந்த எண்ணோடு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாறையில் மில்லியனில் 100 பங்கு நைதரசன் உண்டென்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 30 தொன் பாறை சிதைந்தால் கிடைப்பது 3 கிலோகிராம் நைதரசன். அதாவது ஒரு ஹெக்டயருக்கு ஆண்டுக்கு 30 கிராம். வறுபடாத சேற்றுப்பாறையின் அளவான 500 பங்கை எடுத்தாலும் 150 கிராமே வரும். மறுபுறம், தேயிலைத் தூளின் எடையில் ஏறத்தாழ 4 வீதம் நைதரசன். ஹெக்டயருக்கு 1500 கிலோகிராம் தூள் எடுக்கும் தோட்டம் ஏறத்தாழ 60 கிலோகிராம் நைதரசனைக் கொழுந்தோடு மலையிலிருந்து இறக்கிவிடுகிறது. 60 கிலோவும் 30 கிராமும் ஒரே தராசில் ஏறுவதற்கில்லை.

ஆக, முதல் விடை: கண்டியின் பாறை நைதரசனைத் தராது.

4. களிமண் வைத்திருக்குமா?

பாறை தராவிட்டாலும், போட்ட பசளையை மண்ணின் களிமண் பிடித்துவைக்குமா என்பது அடுத்த கேள்வி. இது தோட்டத்தில் வேலைசெய்பவர்களுக்கு நன்றாகவே தெரிந்த கவலை. யூரியா போட்ட மறுநாள் பெருமழை பெய்தால் துரை முதல் கங்காணி வரை முகம் சுளிப்பார்கள்.

யூரியா மண்ணில் சில நாட்களில் அமோனியமாகிறது. தேயிலை விரும்பும் வடிவமும் அமோனியமே. அது நைத்திரேற்றாக மாறினால் மழைநீருடன் ஓடிவிடும். எனவே அமோனியத்தை அமோனியமாகவே தாங்கி நிற்கும் தட்டு ஒன்று மண்ணுக்குத் தேவை. வேர்மிக்குலைற்று, இல்லைற்று போன்ற களிக் கனிமங்கள் அப்படிப்பட்ட தட்டுகள். அவற்றின் சிலிக்கேற்றுத் தகடுகளின் மேற்பரப்பில் அறுகோணக் குழிகள் உள்ளன. அமோனியம் அவற்றில் கச்சிதமாகப் பொருந்தித் தகடுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டிவிடும்.

ஈரவலய மலைச்சரிவில் பயொற்றைற்று சிதையும் வழி முதலில் வேர்மிக்குலைற்று, பிறகு கயோலினைற்று, கடைசியில் கிப்சைற்று. முதிர்ந்த மண்ணில் எஞ்சியிருப்பது பின்னிரண்டும். கயோலினைற்றின் தகடுகளுக்கு இடையில் எந்த அயனும் நுழைய இடமில்லை. அதன் அயன் பரிமாற்றத் திறன் கிலோகிராமுக்கு 3 முதல் 15 சென்ரிமோல் அளவு. மொன்ற்மொரிலோனைற்றுக்கு அது 80 முதல் 120 வரை. அந்த வகைக் களி மன்னார் மாவட்டத்து முருங்கனில் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துக்குக் களி தந்த அதே முருங்கன். நைதரசனைத் தாங்கும் மண் நெல் விளையும் வறண்ட வலயத்திலும், நைதரசனை அதிகம் உண்ணும் பயிர் அதைத் தாங்காத மண்ணிலும் அமைந்தது இந்நாட்டுப் புவியியலின் முரண்.

சரிவு மிகுந்த இடங்களின் இளம் கபில நிற ஈரக்களிமண்ணில், சிதைவு முற்றுப்பெறாததால், வேர்மிக்குலைற்று எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. அங்கேயாவது தட்டு வேலை செய்யுமா? இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று அரிப்பு. மேலே சொன்ன அதே மகாவலி ஆய்வு, இயற்கைத் தேய்வு ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 30 தொன்னுக்குள் இருக்க, கிளையாறுகள் இன்று சுமக்கும் வண்டல் 130 முதல் 2100 தொன் வரை இருப்பதாகக் கண்டது. இளம் மண் தோட்டத்தில் நிற்பதில்லை. பொல்கொல்லையைக் கடந்து விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் படிகிறது.

மற்றத் தடை நுட்பமானது. என் கணிப்பில் இதுவே முக்கியமானதும். தேயிலை மண் அமிலத்தன்மை கொண்டது. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து, ஐதரொட்சைட்டுத் தீவுகளாக வேர்மிக்குலைற்றின் தகடுகளுக்கு இடையில் புகுந்து நிரந்தரமாகக் குந்திவிடுகிறது. அதன்பின் அமோனியத்துக்கு அங்கே இடமில்லை. அமோனியம் சல்பேற்றும் யூரியாவும் நைத்திரேற்றாக மாறும்போது மண்ணை மேலும் அமிலமாக்குகின்றன. அதாவது ஒவ்வொரு முறை நைதரசன் இடும்போதும், அடுத்த முறை இடப்போகும் நைதரசனைத் தாங்கவேண்டிய தட்டு சிறிது அடைபடுகிறது. தோட்டம் ஏன் காலப்போக்கில் அதே விளைச்சலுக்குக் கூடுதல் பசளை கேட்கிறது என்பதற்கு மற்றக் காரணங்களோடு இதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் அமிலத்தைத் தணிக்கத் தொலமைற்றுப் பரிந்துரைப்பதன் பயன் இந்தக் கோணத்தில் இன்னும் தெளிவாகிறது. அந்தத் தொலமைற்று திகனைச் சுண்ணக்கல்லிலிருந்தே கிடைப்பது கண்டிக்கு வாய்த்த அதிர்ஷ்டம். கண்டியின் கற்களில் தேயிலையின் நைதரசனுக்கு மெய்யாக உதவுவது நைதரசனே இல்லாத ஒரு காபனேற்றுக்கல்!

5. செயற்கைத் தட்டுகள்

இயற்கைத் தட்டு இல்லையென்றால் செய்து போடலாமே என்ற யோசனைக்குச் சீயொலைற்றுகள் உலகெங்கும் பயன்படுகின்றன. கிளினொப்ரிலோலைற்று அமோனியத்தை விரும்பிப் பிடிக்கும் சட்டகச் சிலிக்கேற்று. அது இலங்கையில் வெட்டப்படுவதில்லை. வெண்களியை ஏறத்தாழ 700 பாகைக்குச் சூடாக்கிப் பிறகு எரிசோடாக் கரைசலில் 100 பாகையை ஒட்டிக் காய்ச்சினால் சீயொலைற்று ஏ கிடைக்கும் என்பதால், மீட்டியாகொடை, பொரலஸ்கமுவை வெண்களியை வைத்து இதைச் செய்யலாம் என்ற ஆலோசனை அடிக்கடி எழுகிறது. ஆய்வுகூடத்துக்கு அது சரி. ஆனால் சீயொலைற்று ஏயில் சிலிக்கனும் அலுமினியமும் சம அளவு. அலுமினியம் மிகுந்த சட்டகம் அமிலத்தில் கரைந்துபோகும். காரத்தன்மையுள்ள நெல்வயலில் பலன் தரக்கூடிய பொருள், தேயிலை மண்ணின் அமிலத்தில் தன்னையே இழந்துவிடும். சிலிக்கன் மிகுந்த கிளினொப்ரிலோலைற்றே அங்கே தாக்குப்பிடிக்கும்.

இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தினர் 2017 இல் வெளியிட்ட யூரியா–ஐதரொட்சியப்பரைற்று நனோப் பசளை வேறு வழியில் சென்றது. அதில் யூரியாவைச் சுமப்பது பொசுபேற்று. பிறகு மொன்ற்மொரிலோனைற்றையும் சேர்த்து அதே குழுவினர் பரிசோதித்தனர். நெல்லில் யூரியாவைப் பாதியாகக் குறைக்க முடிந்தது என்பது அவர்களது முடிவு. மழைக்கும் அமிலத்துக்கும் நடுவே ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் பயிருக்கு நெல்லின் முடிவை அப்படியே எடுத்துச் செல்ல இயலாது.

6. கலஹாக் குவார்ட்ஸும் சட்டக நைதரசனும்

இனி முதல் குரலுக்கு வருவோம். சட்டக நைதரசன் கொண்ட பொருட்களின் பயன்கள் மெய்யானவை. 1970களின் தொடக்கத்தில் யப்பானில் ஒயாமாவும் இங்கிலாந்தின் நியூகாசிலில் கென்னத் ஜாக்கும் தனித்தனியே கண்டறிந்த சியலோன் செராமிக், நிக்கல் கலப்புலோகங்களை வெட்டும் அலகுகளாயிற்று. சிலிக்கன் நைத்திரைட்டுக் குண்டுகள் வேகச் சுழலிகளின் தாங்கிகளில் உருள்கின்றன. வீட்டு மின்குமிழின் இதமான வெண்ணொளிக்குக் காரணம் நீல எல்.ஈ.டி.யின்மேல் பூசப்பட்ட யூரோப்பியம் கலந்த செந்நிற ஒளிர்பொருள். கல்சியம், அலுமினியம், சிலிக்கன், நைதரசன் சேர்ந்த அந்தப் பளிங்கு இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் யப்பானில் உருவானது. பூட்டிய சட்டகத்தில் யூரோப்பியம் நைதரசன்களால் சூழப்பட்டிருப்பதால்தான் அதன் ஒளி சிவப்பை நோக்கி நகர்கிறது, வெப்பத்திலும் மங்காமல் நிற்கிறது.

வெண்களியைக் காபனுடன் கலந்து நைதரசன் வாயுவில் 1450 பாகையை ஒட்டிச் சூடாக்கினால் சியலோன் தூள் கிடைக்கும் என்று லீயும் கட்லரும் 1979 இல் காட்டினர். குவார்ட்ஸிலிருந்து சிலிக்கன் நைத்திரைட்டும் அதேபோல் வரும். வெண்களி, குவார்ட்ஸ், காரீயம் மூன்றும் இலங்கையில் உண்டு. நைதரசன் காற்றில் உண்டு. இந்தப் பட்டியலைப் பார்த்ததும் கட்டுரையாளர்கள் உற்சாகமடைவது இயல்பே. ஆனால் நைதரசன் மூலக்கூறின் முப்பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோயூல் வேண்டும். உலையில் ஒட்சிசனோ ஈரமோ கசிந்தால் சிலிக்கன் உடனே பழைய துணையிடம் திரும்பிவிடும். ஒளிர்பொருளுக்கோ கல்சியம் நைத்திரைட்டு போன்ற, காற்றுப் பட்டாலே கெடும் மூலப்பொருட்களும் அதிதூய்மையும் தேவை. அங்கே கலஹாக் கல்லின் பங்கு விலையில் ஒரு தூசு.

எட்டக்கூடியது என்று எனக்குத் தோன்றுவது ஒன்றே: பீங்கான் சூளைகளில் கோப்பை அடுக்கும் பலகைகள். சிலிக்கன் காபைட்டுத் துகளைச் சிலிக்கன் தூளுடன் பிசைந்து, அழுத்தி, நைதரசனில் 1400 பாகைக்குச் சூடாக்கினால் இடையில் நைத்திரைட்டுப் பிணைப்பு வளரும். தூய்மைக் கட்டுப்பாடு இங்கே தளர்வு. மாத்தளையிலேயே பீங்கான் ஆலை உண்டு, வாங்குபவருக்கு அலையவேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சிலிக்கன் தூள் வேண்டும். குவார்ட்ஸை மின்வில் உலையில் உருக்கி ஒரு தொன் சிலிக்கன் எடுக்க 11 முதல் 13 மெகாவாற்று மணி மின்சாரம் செலவாகும். ஆண்டுக்கு 10,000 தொன் தரும் சிறிய உலை ஒன்று இரவும் பகலும் ஏறத்தாழ 14 மெகாவாற்றை இழுத்துக்கொண்டிருக்கும். விக்டோரியாவின் மொத்த நிறுவுதிறனே 210 மெகாவாற்று. வறட்சி மாதங்களில் அதன் நீரை நெல்லும் கேட்கும். கலஹாக் கல் தொடர்ந்து கல்லாகவே மலையிறங்குவதற்கு, அதிகாரிகளின் அலட்சியத்துக்கு முன்பாக இந்த மின்கட்டணத்தையே காரணமாக எழுதவேண்டும்.